வாசிக்கும் கட்டம் எங்கே இருக்க வேண்டும்?

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அலுவலக நடைமுறை பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். கோப்பை எப்படித் தைப்பது, குறிப்பை எப்படி எழுதுவது என்பதையெல்லாம் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள், கையேடும் இருக்கிறது. நான் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மின்னஞ்சலைத் திறந்தால் திரையில் கடிதங்களின் பட்டியல் எங்கே இருக்க வேண்டும், கடிதத்தைக் காட்டுகிற கட்டம் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் அது.

சிரிப்பீர்கள். அதெல்லாம் அவரவர் சௌகரியம் என்பீர்கள். இன்று நானும் அதையே சொல்கிறேன். பணியில் இருந்தபோது சொல்லவில்லை. இதற்கென்று ஓர் அலுவலக ஆணையே பிறப்பித்தேன். அந்த ஆணை ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவேண்டிய வேலையைக் கிட்டத்தட்ட விழுங்கிவிட்டது. நான் தினமும் டைரி எழுதுகிறவன் என்பதால் எத்தனை மணிக்கு விழுங்கியது என்பது வரை என்னால் சொல்ல முடியும்.

எங்கள் அலுவலகம் செஞ்சியில், ஒரு விதைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. துறையின் பெயர் வேண்டாம். அதிகாரி ஒருவர், அவருக்குக் கீழே கண்காணிப்பாளர் நான், எனக்குக் கீழே இரண்டு பேர். உதவியாளர் ஷகிலா, உள்ளூர்க்காரர், ஸ்கூட்டரில் வருவார். இளநிலை உதவியாளர் ஏழுமலை, அவலூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். வருகிற தபாலைப் பதிவேட்டில் பதிவது அவர் வேலை. ஒரு ஜீப்பும் இருந்தது. அதன் ஓட்டுநர் பணியிலிருக்கும்போதே மாரடைப்பில் இறந்துபோனார். அவர் இடம் நிரப்பப்படாததால் ஜீப் வேப்பமரத்தடியில் நின்றபடியே சம்பளமில்லாமல் பணியாற்றிக்கொண்டிருந்தது.

மின்னஞ்சலுக்கு இருந்தது ஒரு கணினி, ஒரு கணக்கு. மூன்று பேரும் அதில்தான் பார்க்க வேண்டும். மூன்று பேருக்கும் மூன்று விதமான திரை வேண்டும்.

ஷகிலாவுக்கு வாசிக்கும் கட்டமே ஆகாது. பட்டியல் மட்டும் திரை முழுக்க இருக்க வேண்டும், புதியது மேலே இருக்க வேண்டும், ஒரு கடிதத்தைப் படிக்க வேண்டுமென்றால் அதை இரண்டு தட்டுத் தட்டித் திறக்க வேண்டும். “லெட்டர்னா கவர கிழிச்சுதான் சார் படிக்கணும். அது பாட்டுக்குத் தொறந்து கெடந்தா எனக்கு என்னமோ அடுத்தவங்க லெட்டர எட்டிப் பாக்குற மாதிரி இருக்குது” என்பார்.

ஏழுமலைக்குக் கட்டம் வலது பக்கம் வேண்டும், பெரிய எழுத்தாக. எங்கள் அறையின் ஜன்னல் மேற்கே பார்த்தது. மூன்றரை மணிக்கு மேல் வெயில் நேராகத் திரையின் வலது பாதியில் வந்து விழும். ராஜகிரி மலை சூரியனை மறைக்கும்வரை அந்தப் பாதியில் ஒரு எழுத்தும் தெரியாது. வெயில் விழாத இடத்துக்குக் கட்டத்தை மாற்றுவதற்குப் பதிலாக ஏழுமலை பழைய காலண்டர் அட்டையைத் திரையின் ஓரத்தில் ஒட்டிக் கூரை போட்டுக்கொண்டார். தன் விருப்பத்தை ஒருவர் எவ்வளவு தூரம் காப்பாற்றுவார் என்பதற்கு அந்த அட்டையே சான்று.

எனக்கு எல்லாம் தேதிப்படி இருக்க வேண்டும். பழையது மேலே, புதியது கீழே, கட்டம் அதற்கும் கீழே. கோப்பில் தாள்களை அப்படித்தானே அடுக்குகிறோம்? நேற்று வந்த கடிதம் போன மாதக் கடிதத்தின் தலைமேல் ஏறி உட்காருவதை என்னால் பார்க்க முடியவில்லை. தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைக்குப் போய்க் கல்வெட்டுகளைப் படியெடுத்து, எந்தப் புத்தகத்தில் எந்த ஆண்டு தவறாகப் போட்டிருக்கிறது என்று ஓரத்தில் எழுதி வைப்பது என் பொழுதுபோக்கு. எழுதியவர்களுக்கு அந்தத் திருத்தங்கள் தெரியாது, எனக்கு நிம்மதி.

கோட்டை பீஜப்பூர்காரரிடமிருந்து மராட்டியருக்கும், மராட்டியரிடமிருந்து மொகலாயருக்கும், பிறகு பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் கைமாறிய கதை உங்களுக்குத் தெரியும். எங்கள் கணினி ஒரு வாரத்தில் அத்தனை முறை கைமாறியது. உட்கார்ந்தவர் முதல் காரியமாக முந்தைய ஆட்சியின் கட்டுமானத்தை இடிப்பார். பட்டியலைத் தலைகீழாக்குவார், கட்டத்தை மூடுவார், அல்லது திறப்பார், அல்லது நகர்த்துவார். அதன்பிறகு கடிதம் படிக்க நேரம் இருந்தால் படிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் இதற்கு முடிவு கட்டினேன். ஸ்கேலை எடுத்துத் திரையை அளந்தேன். பட்டியலுக்கு ஏழு சென்டிமீட்டர். வாசிக்கும் கட்டத்துக்கு, கீழே, பதினொன்று. பட்டியலில் தேதிக்கு அகலமான பத்தி: கிழமை, தேதி, மாதம், ஆண்டு, மணி, நிமிடம், வினாடி எல்லாம் தெரியும்படி. அதற்குப் பக்கத்தில் அனுப்பியவர். மிச்சமிருந்த இடத்தில் கடிதத்தின் பொருள். படிக்கப்பட்டதற்கு ஒப்புதல் கேட்டு வரும் கடிதங்களுக்கு ஒப்புதல் தானாகப் போகும்படி அமைக்க வேண்டும் என்றும் சேர்த்தேன். ஒப்புதல் அனுப்பத் தாமதிக்கும் அலுவலகங்களைப் பற்றி எனக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் இல்லை. “இவ்வமைப்பினை எவரும் மாற்றுதல் கூடாது” என்று முடித்து, அளவுகளோடு ஒரு படமும் வரைந்து, கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன்.

ஏழுமலை படத்தைப் பார்த்தார். “இன்னா சார், வீட்டு பிளான் மாதிரி இருக்குது. பாத்ரூம் எங்க?”

ஷகிலா நகலில் கையெழுத்துப் போடும்போது கேட்டார்: “கீழ ‘ஆட்சேபணையுடன்’னு எழுதிக்கலாமா சார்?”

“அதுக்கு விதி இல்லம்மா.”

“கட்டத்துக்கு மட்டும் விதி இருந்துச்சா?”

பதில் இல்லாத இடத்தில் கண்காணிப்பாளர்கள் கண்ணாடியைத் துடைப்பார்கள். துடைத்தேன்.

இனி எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு அங்கேதான் ஒளிந்திருந்தது. தினமும் காலையில் முதலில் வருகிறவன் நான். ஒன்பது ஐம்பதுக்கு மின்னஞ்சலைத் திறந்து வைத்துவிட்டு, அதிகாரி அறைக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வருவேன். பத்து ஐந்துக்கு ஏழுமலை வருவார். இன்னும் படிக்கப்படாத கடிதங்கள் பட்டியலில் கொட்டை எழுத்தில் இருக்கும் அல்லவா? அவற்றை மட்டும் அச்செடுத்து, தேதி முத்திரை குத்தி, அட்டையில் வைத்து அதிகாரிக்கு அனுப்புவார். கொட்டை எழுத்து என்றால் புதியது. மெல்லிய எழுத்து என்றால் யாரோ பார்த்துவிட்டார்கள். யார் பார்த்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்த வழக்கத்தை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. சென்டிமீட்டர் வரை ஆணை போட்ட நான் இதை எழுதவில்லை.

நடந்தது இவ்வளவுதான். என் அமைப்பில் மின்னஞ்சலைத் திறந்ததும் அது நேராகப் பட்டியலின் அடியில், ஆகக் கடைசியாக வந்த கடிதத்தில் போய் நிற்கும். கீழே இருக்கும் கட்டம் அந்தக் கடிதத்தை விரித்துக் காட்டும். சில வினாடிகள் காட்டிவிட்டால் அதைப் படித்தாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு எழுத்தை மெல்லியதாக்கிவிடும். அந்த நேரத்தில் நான் கீழே டீக்கடையில் இருப்பேன். ஒவ்வொரு நாளும் ஒரு கடிதத்தை அந்தக் கட்டம் காலி நாற்காலிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தது. ஏழுமலை வந்து பார்க்கும்போது அதில் கொட்டை எழுத்து இருக்காது. அச்சும் இருக்காது, முத்திரையும் இருக்காது.

நான்கு மாதம் இது யாருக்கும் தெரியவில்லை. பெரும்பாலும் அந்தக் கடைசிக் கடிதம் ஏதாவது சுற்றறிக்கையாக இருக்கும். படிக்காவிட்டாலும் உலகம் நடக்கும். சில சமயம் மண்டல அலுவலகத்திலிருந்து நினைவூட்டு வரும்: முன்பே அனுப்பிய கடிதத்துக்குப் பதில் இல்லையே என்று. அந்த அலுவலகம் விழுப்புரத்தில் இருந்தது. எங்கள் மேலதிகாரிகள் அங்கேதான். நான் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பேன். அப்படி ஒரு கடிதம் பதிவாகியிருக்காது. “பார்வையில் காணும் கடிதம் இவ்வலுவலகத்தில் வரப்பெறவில்லை எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது” என்று எழுதி அனுப்புவேன். ஆறு முறை அப்படி எழுதினேன். அனுப்பாத கடிதத்தை அனுப்பியதாகச் சொல்கிறார்களே என்று ஷகிலாவிடம் வருத்தப்பட்டும் இருக்கிறேன்.

இப்போது கோமதியைச் சொல்ல வேண்டும். இறந்துபோன ஓட்டுநரின் மனைவி. வீடு சிங்கவரத்தில். பன்னிரண்டாவது முடித்தவர், தட்டச்சும் தெரியும். கணவர் பணியில் இறந்ததால் கருணை அடிப்படையில் வேலை கேட்டு விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பம் எங்கள் வழியாகத்தான் மேலே போயிருந்தது. பதிலும் எங்கள் வழியாகத்தான் வர வேண்டும். ஒரு முறை ஆட்களை எடுத்தார்களென்றால் அடுத்த பட்டியல் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் கூலிக்குக் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் பதினோரு மணிக்கு வந்து என் மேசைக்கு எதிரே நிற்பார். ஒரே கேள்வி.

“சார், லெட்டர் வந்துச்சா?”

நான் வாயால் மட்டும் இல்லை என்று சொல்லி அனுப்புகிறவன் அல்ல. எழுந்து போய், கணினியில் பட்டியலைக் காட்டி, “பாரும்மா, தேதி வாரியா இருக்குது. புதுசா இருந்தா தடிமனா தெரியும். ஒண்ணும் இல்ல பாரு” என்பேன். அவரும் குனிந்து பார்த்துவிட்டு, “சரி சார்” என்று போய்விடுவார். வெளிப்படைத்தன்மை என்று இதற்குப் பெயர். இதை என் நற்பண்புகளில் ஒன்றாக வைத்திருந்தேன்.

அந்தக் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு பத்துக்கு வந்தது. நாங்கள் சமணர்கள், எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடும் வழக்கமில்லை. அதனால் நான் எப்போதும் ஐந்து ஐம்பது பஸ்ஸில் மேல்சித்தாமூரில் இருக்கும் வீட்டுக்குப் போய்விடுவேன். சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை ஒன்பது ஐம்பதுக்கு நான் மின்னஞ்சலைத் திறந்தேன். ஆகக் கடைசிக் கடிதம் அதுதான். டீ குடிக்கப் போனேன். அன்று டீ நன்றாக இருந்தது என்று டைரியில் இருக்கிறது.

பதினோரு மணிக்குக் கோமதி வந்தார். நான் பட்டியலைத் திறந்து காட்டினேன். அதற்குள் வேறு கடிதங்கள் வந்து, ஏழுமலை அவற்றை அச்செடுத்தும் முடித்திருந்தார். கொட்டை எழுத்தில் எதுவும் இல்லை. கடிதம் நாலைந்து வரிகளுக்கு மேலே, எங்கள் இருவர் கண்ணுக்கும் எதிரே இருந்தது. ஆனால் பொருளுக்கு நான் விட்டிருந்த இடத்தில் பத்துப் பதினைந்து எழுத்துதான் தெரியும். எங்கள் துறைக் கடிதங்கள் எல்லாமே “பணியமைப்பு” என்றுதான் தொடங்கும். ஆளின் பெயர் கடைசியில்தான் வரும். ஆகவே பட்டியல் முழுக்கப் “பணியமைப்பு, பணியமைப்பு, பணியமைப்பு” என்று நின்றது. வந்த வினாடி மட்டும் ஒவ்வொன்றுக்கும் துல்லியமாகத் தெரிந்தது.

“ஒண்ணும் இல்லம்மா.”

“சரி சார்.”

புதன்கிழமை என் பஸ் தாமதம். நான் படியேறும்போது பத்து பத்து. உள்ளே நுழைந்ததும் திரைதான் கண்ணில் பட்டது. கட்டத்தைக் காணோம். புதியது மேலே. பட்டியல் திரை முழுக்க விரிந்து கிடந்தது. சுவரில் என் படம் தொங்க, அதற்கு அடியிலேயே ஷகிலா உட்கார்ந்திருந்தார்.

“சார், ஒரு நிமிஷம் இங்க வாங்க” என்றார் அவர்.

நான் அலுவலக ஆணையின் நோக்கத்தை விளக்க ஆரம்பித்தேன். ஆளாளுக்கு ஓர் அமைப்பு என்றால் ஒழுங்கு எங்கே இருக்கும், கண்காணிப்பாளர் ஒருநாள் தாமதமானால் அலுவலகம் இப்படியா தலைகீழாகும் என்று கேட்டேன். நல்ல சொற்களைத்தான் பயன்படுத்தினேன். அவர் இரண்டு முறை “சார்” என்றார். நான் நிறுத்தவில்லை. என் கணக்கில் ஆறு நிமிடம். அந்தக் காலையில் எங்களிடம் இருந்த நிமிடங்கள் எத்தனை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதில் ஆறைக் கட்டத்துக்காகச் செலவிட்டேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

“பேசி முடிச்சுட்டீங்களா சார்? இத மட்டும் படிங்க” என்றார் ஷகிலா.

அகலமான பட்டியலில் பொருள் முழுவதும் தெரிந்தது. பணியமைப்பு, கருணை அடிப்படையில் நியமனம், சான்றிதழ் சரிபார்ப்பு, கோமதி. திறந்தால்: புதன்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு விழுப்புரத்தில் ஆஜராக வேண்டும். வருவதை அலுவலகத் தலைவர் செவ்வாய்க்கிழமை மாலைக்குள் உறுதிசெய்ய வேண்டும். உறுதிசெய்யாவிட்டால் விண்ணப்பதாரருக்கு விருப்பமில்லை எனக் கருதப்படும்.

அன்று புதன்கிழமை. மணி பத்து பதினாறு.

“அய்யய்யோ” என்றார் ஏழுமலை, எங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. “இது தடிமனா இல்லியே சார்! தடிமனா இருந்தா எடுத்திருப்பேனே!”

“ஏழுமல, அப்புறம் புலம்பிக்கலாம். வண்டி சாவி இந்தா. சிங்கவரம் போய் கூட்டியாந்துடு” என்று ஷகிலா ஸ்கூட்டர் சாவியைத் தூக்கிப் போட்டார்.

“போன் பண்ணலாமே அக்கா?”

“மூணு வாட்டி பண்ணிட்டேன். எடுக்கல. மல்லாட்டக் கொல்லையிலதான் இருக்கும். போன வரப்புல வச்சுட்டு களை எடுத்துக்கினு இருக்கும். அசல் சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கச் சொல்லு, மறந்துடாத.”

ஏழுமலை ஓடினார். எங்கள் அதிகாரி அன்று வெளியூர் முகாம், போன் கிடைக்கவில்லை. முடிவெடுக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? தாளை எடுத்து, பேனாவைத் திறந்து, “பார்வையில் காணும் கடிதம் இவ்வலுவலகத்தில்” என்று எழுதினேன். கை தானாகவே அதுவரை போய்விட்டது. அடுத்த சொல்லை எழுதும் முன் ஷகிலா மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

எதிர்முனையில் ஒரு பெண். அந்தப் பிரிவின் உதவியாளர் என்று மட்டும் தெரியும். பெயர் கேட்கவில்லை, பிறகும் தெரிந்துகொள்ளவில்லை. நான் பார்த்தேயிராத அந்த அம்மாளிடம்தான் என் பணிக்காலத்தின் முக்கியமான பாடத்தைக் கற்றேன்.

“கோமதியா? நேத்து சாயங்காலமே பேர அடிச்சாச்சே சார். விருப்பமில்லைன்னு.”

“அம்மா, அந்தக் கடிதம் எங்களுக்கு...” என்று இழுத்தேன்.

“வரப்பெறவில்லையா?” என்றார் அவர்.

பாதி எழுதியிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

“திங்கக்கிழமை காலைல ஒம்பது அம்பத்தொண்ணுக்குப் படிச்சாச்சுன்னு உங்ககிட்டருந்து ஒப்புதல் வந்திருக்குது சார். உங்க ஆபீஸ்ல எப்பவுமே அப்படித்தான். ஒப்புதலும் வரும், வரப்பெறவில்லைன்னு லெட்டரும் வரும். ரெண்டையும் ஒரே பைல்லதான் வச்சிருக்கோம். போரடிச்சா எடுத்துப் பாப்போம்.”

தானாக ஒப்புதல் அனுப்பும் ஏற்பாடு. என் ஆணையின் கடைசிப் பத்தி. ஆறு முறை வரவில்லை என்று நான் எழுதினேன். ஆறு முறையும் வந்துவிட்டது என்று நானே முந்திக்கொண்டு, நிமிடத்தோடு, தெரிவித்திருந்தேன்.

“இப்ப என்னம்மா செய்யலாம்?” என்று கேட்டேன். அந்தக் குரலில் நான் அலுவலகத்தில் பேசியது அதுதான் முதல் முறை.

“ஒரு மணிக்குள்ள அந்தம்மாவ இங்க கொண்டாந்து நிறுத்துங்க. பேர திரும்ப சேக்கணும்னா காரணம் எழுத்துல வேணும். இன்னொரு வரப்பெறவில்லைய கொண்டாந்தீங்கன்னா, எங்க ஐயா ரெண்டு பக்கமும் விசாரணைன்னு போட்டு மேல அனுப்பிடுவாரு. அது வந்து சேர்றதுக்குள்ள பட்டியல் முடிஞ்சுடும். தப்பு உங்க ஆபீஸ்லன்னா, உங்க ஆபீஸ்லன்னு எழுதுங்க. அதுக்கு விசாரணை தேவையில்ல.”

பத்து ஐம்பதுக்கு ஏழுமலை கோமதியோடு வந்து சேர்ந்தார். கோமதியின் காலில் வேர்க்கடலைக் கொல்லையின் மண் காயவில்லை. ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரில் சான்றிதழ்களைச் சுருட்டிப் பிடித்திருந்தார். வேப்பமரத்தடியில் ஜீப் நின்றது, ஓட்ட ஆளில்லை. நானும் கோமதியும் அதைக் கடந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தோம். பதினோரு மணி விழுப்புரம் பஸ் கிளம்பும்போது ஏறினோம்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் பையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தேன். முதல் வரைவில் தவறு கணினியுடையது. கணினிக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்ப முடியாது. அதனால் மிகவும் சௌகரியமான வரைவு அது. ஆனால் மண்டல அலுவலகத்தில் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டாவது வரைவில் தபாலை அச்செடுக்க வேண்டிய இளநிலை உதவியாளர் கவனக்குறைவாக இருந்துவிட்டார். இதை நம்புவார்கள். வரிக்கு வரி உண்மையும்கூட. அச்செடுக்க வேண்டியவர் ஏழுமலைதான், அச்செடுக்கவும் இல்லை. வேலையில் நாளாக ஆக, உண்மையான வாக்கியங்களைக் கொண்டே பொய் சொல்லும் பயிற்சி உங்களுக்கும் வரும். பேனாவை மூடினேன்.

“இன்னா சார் எழுதறீங்க?” என்று கேட்டார் கோமதி.

“லெட்டர் ஏன் தாமதமாச்சுன்னு.”

“எப்ப சார் வந்துச்சு?”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம்.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். விரல்களால் ஏதோ கணக்குப் போட்டார்.

“அப்ப, திங்கக்கிழமை நான் வந்து கேட்டப்ப அது உள்ளதான் இருந்துச்சா?”

“இருந்தது.”

“பெட்டிய தொறந்து காட்னீங்களே சார்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். நான் காட்டினேன், அவரும் குனிந்து பார்த்தார். பார்க்க முடியாதபடி காட்டுவதற்கு நான் ஒரு ஸ்கேல் வைத்து ஏற்பாடு செய்திருந்தேன். நான் இரண்டு தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றாவதை எழுதினேன்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மண்டல அலுவலகத்தின் படியேறினோம். அங்கிருந்த அதிகாரி என் தாளைப் படித்தார். நெற்றியைச் சுருக்கினார். திரும்பப் படித்தார்.

“இன்னா சார் இது? ‘கடிதம் வரப்பெற்றது. படிக்கப்படவில்லை. எனது விருப்பப்படி நான் அமைத்த வாசிக்கும் கட்டமே காரணம்.’ கட்டம்னா? ஜாதகக் கட்டமா?”

எதிர் மேசையில் யாரோ சிரித்தார்கள். நான் விளக்கினேன். புரியவில்லை என்றார். தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்தேன். பழக்கத்தால் அளவுகளையும் போட்டுவிட்டேன். அவர் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ஏழு சென்டிமீட்டர்” என்றார்.

“ஆமாங்கய்யா.”

“இதுக்கு ஆர்டர் வேற போட்டிருக்கீங்க.”

“ஆமாங்கய்யா.”

“தப்பு யாரோடது?”

“என்னுது.”

“கீழ அதையும் எழுதி, கையெழுத்துப் போடுங்க.”

எழுதினேன். தேதி போட்டேன். நேரமும் போட்டேன்: பன்னிரண்டு நாற்பத்தொன்று. உள்ளே கோமதியின் சான்றிதழ்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் வெளியே வந்தார். “முடிஞ்சுது சார். பஸ்ஸுக்குப் போலாமா? பிள்ளைங்க நாலு மணிக்கு வந்துடும்” என்றார்.

அடுத்த நாள் காலை சுவரிலிருந்து படத்தை எடுத்தேன். ஆணையை ரத்துசெய்ய இன்னோர் ஆணை போட வேண்டும், அதையும் போட்டேன். அதில் ஒரே வரிதான்: தபாலைத் திறக்கிறவர் எழுந்து போகும் முன் அதைப் படிக்க வேண்டும். எவ்வளவு எளிய விதி என்று நினைப்பீர்கள். இதை வந்தடைய எனக்கு இரண்டு ஆணைகளும் ஒரு பஸ் பயணமும் தேவைப்பட்டன. உங்களுக்கு வாழ்க்கையில் ஆயிரம் விருப்பங்கள் இருக்கும். பேனா நீலமாக இருக்க வேண்டும், மேசை கதவைப் பார்க்க வேண்டும், கட்டம் கீழே இருக்க வேண்டும். வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கீழே இரண்டு பேர் வந்ததும் அவற்றுக்கு எண்ணும் தேதியும் போட்டு ஆணையாக்காதீர்கள். அப்படியே ஆக்கினாலும், ஆட்சேபிக்கிறவர் ஆறு நிமிடம் காத்திருக்க நேராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு மாதம் கழித்துக் கோமதிக்கு ஆணை வந்தது. இளநிலை உதவியாளர், எங்கள் அலுவலகத்துக்கே. ஏழுமலை அதே அறையில் வேறு மேசைக்கு மாற, தபால் பதிவது கோமதியின் வேலையாயிற்று. முதல் நாள் கணினி முன்னால் உட்கார்ந்து, “சார், இது எப்படி இருக்கணும்?” என்று கேட்டார்.

ஷகிலா தலையைக் கோப்புக்குள் விட்டுக்கொண்டார். தோள் குலுங்கியது.

“உங்களுக்கு எப்படி வசதியோ அப்படிம்மா” என்றேன்.

அவர் கட்டத்தை மூடினார். ஒவ்வொரு கடிதமாகத் திறந்து, உதடு அசைய, ‘அனுப்புநர்’ முதல் கையொப்பம் வரை படித்தார். காலைத் தபாலுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. “அக்கா தந்திப் பேப்பர் மாதிரி ஒரு வரி விடமாட்டாங்க போல” என்று ஏழுமலை தன் புதிய இடத்திலிருந்து சொன்னார். கோமதி அடுத்த கடிதத்தைத் திறந்தார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். முத்திரை நேராக விழுந்திருந்தது. மண்டல அலுவலகத்திலிருந்து எனக்குக் குறிப்பாணை. ஆறு முறை வரப்பெறவில்லை என்று தவறான தகவல் அளித்ததற்கும், அதற்கு முன்பே ஒப்புதல் அளித்ததற்கும் என்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

“படிச்சுட்டுதான் சார் கொண்டாந்தேன். பதினஞ்சு நாளுக்குள்ள பதில் குடுக்கணுமாம். கடைசி தேதிய மேல பென்சில்ல எழுதியிருக்கேன்” என்றார்.

எங்கள் அலுவலகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு முழுதாகப் படிக்கப்பட்டு, தாமதமில்லாமல், சேர வேண்டியவரிடம் சேர்ந்த கடிதம் அது. கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் பதில் எழுதுவது எனக்கு லேசாக வரவில்லை. உண்மையை ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு பழகிவிடும் என்று எண்ணியிருந்தேன், பழகவில்லை. ஒரு வாரம் போயிற்று. வரைவுகள் சேர்ந்தன.

அதற்கடுத்த திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கோமதி பதிவேட்டோடு என் மேசைக்கு எதிரே வந்து நின்றார், முன்பு நிற்கும் அதே இடத்தில்.

“சார், லெட்டர் போயிடுச்சா?”

நான் எழுந்து போய்க் கணினியைத் திறந்து காட்டவில்லை.

“இன்னும் எழுதலம்மா. இன்னைக்கு எழுதிடறேன்” என்றேன்.

“சரி சார்” என்றார். ஆனால் போகவில்லை. எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.